இரு தகடுகளுக்கு இடையே

அளப்பது பெரிய ஆய்வகங்களின் வேலை, நமக்குச் சூத்திரம் போதும் என்னும் எண்ணம் அறிவியல் பயிலும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இது தவறு. அந்தமானில் வாழும் நமக்கு இருமடங்கு தவறு.

எதிரெதிரே கண்ணாடி மாட்டிய முடிதிருத்தகத்தில் அமர்ந்தால் நம் உருவம் வரிசையாகத் தெரிகிறதன்றோ? இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே நிறுத்திய ஏரியலுக்கும் அதே நிலைதான். அதன் பிம்பங்கள் மேலும் கீழும் முடிவின்றி நீளும். அத்தனையையும் கூட்டினால், அலை எங்கே வலுக்கும், எங்கே மெலியும் என்று கணக்கிடலாம்.

இயற்கையும் இத்தகைய இரு தகடுகளை அமைத்துள்ளது. கீழே உப்புக்கடல், மேலே, பகலில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், இரவில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலத்தின் அடித்தளம். திருநெல்வேலிச் சீமையின் விஜயநாராயணத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை நிலையம், 18.2 கிலோஹெர்ட்ஸில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புகிறது. அதன் அலைநீளம் 16.5 கிலோமீட்டர். அவ்வலை இத்தகடுகளுக்கு இடையேதான் கடல் தாண்டுகிறது. அங்கிருந்து ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர், சுமார் 1,700 கிலோமீட்டர்.

இதை மேசையில் அமைக்க இயலுமா? இயலும். முதுகலை ஆய்வுக்கூடங்களில் வழங்கும் நுண்ணலைக் கருவியின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். அந்த அளவுக்குச் சுருக்கினால் தகடுகளின் இடைவெளி பகலுக்கு 13 சென்டிமீட்டர், இரவுக்கு 16. நெல்லைக்கும் நமக்கும் உள்ள தொலைவு வெறும் 3 மீட்டர்! இரண்டு அலுமினியத் தகடுகள், ஓர் ஊசி ஏரியல், ஓர் அளவி போதும்.

மாதிரி உண்மையாகிவிடுமா என்று கேட்கலாம். ஆகாது. பூமி தட்டையன்று, அயனி மண்டலம் உலோகத்தைப் போன்ற நற்கடத்தியுமன்று. ஆகவேதான் கூரைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்து, கணிப்பொறியின் ஒலி அட்டை வழியே அந்த அலையின் வலிமையை நாள்தோறும் பதிய வேண்டும் என்கிறேன். செய்தியைப் படிக்க அன்று. வலிமையை அளக்க மட்டுமே. விடியலிலும் அந்தியிலும் அது மாறும். ஞாயிற்றில் பெருஞ்சுடர் எழுந்தால் திடீரென மாறும். மேசைக் கணக்குக்கும் கூரை அளவுக்கும் உள்ள வேறுபாடே நாம் தேடும் அறிவு.

2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் வந்துவிட்டதே, இனி இது எதற்கு என்பார் உளர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தொலைபேசிகள் ஊமையானபோது, அமெச்சூர் வானொலி அன்பர்களே இங்கிருந்து செய்தி அனுப்பினர். அயனி மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் சிற்றலைகளே அன்று கைகொடுத்தன. கம்பிவடம் அறுபடலாம், வானக்கூரை அறுபடாது. ஆனால் அதன் போக்கு நாளுக்கு நாள் மாறும்.

அந்தக் கூரையின்கீழ் குடியிருப்போர் நாம். அதை அளக்கும் பொறுப்பைப் பிறரிடம் விடலாமா? மாணவ நண்பர்களே, துறைத்தலைவரிடம் இரண்டு தகடுகள் கேட்போம், வேலையைத் தொடங்குவோம்!