14-ஆம் நாள் என்னும் கணக்கு

எங்கள் கணபதி பகுதியில் கல்யாணமாகி ஆறு மாதம் போனால் போதும். "ஏனுங்க அம்மிணி, விசேஷம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பெண்கள் கரு தங்கும் நாளை எண்ணத் தொடங்குகிறார்கள். தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறவர்களும் உண்டு. ஆனால் உதிரம் பட்ட நாள்தான் முதல் நாள். செல்போன் செயலியோ பலருக்கும் 14-ஆம் நாளில் ஒரு வட்டம் போட்டுவிடுகிறது.

28 நாள் சுற்றுக்குத்தான் அந்த 14 ஏறக்குறைய சரி. கருமுட்டை வெடித்தபின் அடுத்த மாதவிலக்கு வர சுமார் இரண்டு வாரம். அது அதிகம் மாறுவதில்லை. நீள்வதும் குறுகுவதும் அதற்கு முந்தைய நாட்களே. 35 நாளைக்கு ஒருமுறை வருகிறவளுக்கு 21-ஆம் நாள் வாக்கில்தான் வெடிக்கும்.

இந்த எண்ணிக்கையை நம் அரசாங்கமே ஒரு காலத்தில் நம்பியது, கரு தங்காமல் இருப்பதற்காக. 1950களின் தொடக்கத்தில் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் அழைக்க, உலக சுகாதார நிறுவனம் டாக்டர் ஆபிரகாம் ஸ்டோனை அனுப்பியது. டெல்லி லோதி காலனியிலும் அன்றைய மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் சோதனை நடந்தது. நிறம் நிறமாய் மணி கோத்த மாலை கொடுத்து, தினம் ஒன்றாகத் தள்ளச் சொன்னார்கள். மாலை இருந்தாலே போதும், கரு தங்காது என்று சிலர் இருந்துவிட்டார்களாம். திட்டம் தேறவில்லை. செயலியும் மணிமாலைதான், சார்ஜ் போட வேண்டும், அவ்வளவே.

உடம்பு காட்டும் குறி இதைவிட மேல். முட்டை வெடிக்கப்போகும் நாட்களில் வெள்ளைப்படுவது வழுவழுப்பாய், நிறமில்லாமல் இருக்கும். இரு விரலுக்கிடையே இழுத்தால் அறுபடாமல் நீளும். காலையில் எழுந்ததும் பார்க்கும் உடல் வெப்பம் வெடித்த பிறகே லேசாக ஏறும். ராத்திரி ஷிப்ட் முடித்துக் காலையில் படுக்கிறவளுக்கு அந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. முட்டை வெடிப்பதைக் கணிக்கும் மருந்துக்கடை ஸ்ட்ரிப் ஒன்றிரண்டு நாள் முன்பே சொல்லும். சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பவர்களுக்கு அதுவும் பொய் சொல்லலாம்.

முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட நிச்சயமில்லை. விந்தணு ஐந்து நாள்வரை தாங்கும். ஆக, வெடிக்கும் நாளுக்கென்று காத்திருப்பதைவிட அதற்கு முந்தைய நாட்களே முக்கியம்.

ஒரு வருடம் பார்த்தும் கரு தங்கவில்லையென்றால் டாக்டரிடம் போங்கள்; 35 வயது தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போங்கள். சுற்று தாறுமாறாக இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். முதலில் செய்யும் பரிசோதனைகளில் ஒன்று அவருக்குத்தான்.