மார்க் நல்லாத்தான் எடுக்கிறா, அப்புறம் ஏன்?

சென்ற மாதம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களிடம் வேலை உலகம் பற்றிப் பேசப் போயிருந்தேன். எல்லாரும் கலைந்த பிறகு, உயர்நிலை நான்கில் படிக்கும் ஒரு மாணவி கையில் கறுப்புக் கோப்புடன் வந்தார். பின்னால் அவருடைய அம்மா. மாணவி வாய் திறப்பதற்குள் அம்மா கேட்டுவிட்டார்: “மேடம், இவ டிசைன் படிக்கணும்னு சொல்றா. மார்க் நல்லாத்தான் எடுக்கிறா. அப்புறம் ஏன் இந்தப் படிப்பு?”

மண்டபத்தைப் பூட்டக் காத்திருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அந்த “அப்புறம் ஏன்” எனக்குப் பழக்கமானது. நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் வடிவமைப்பு படிக்கச் சேர்ந்த ஆண்டு தீபாவளிக்கு வந்த உறவினர்கள், “ஏம்மா, பரீட்சை சரியா எழுதலையா?” என்று இரக்கத்தோடு விசாரித்தார்கள். தொடக்கக் கல்லூரிக்குப் போகும் அளவுக்கு என்னிடம் புள்ளிகள் இருந்தன. அதைச் சொன்னால் இரக்கம் குழப்பமாக மாறும், அவ்வளவுதான். லாரி ஓட்டிய என் அப்பா வேறு எதையும் கேட்கவில்லை. “இதுல சோறு கிடைக்குமா?” என்று மட்டும் கேட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகும் மனிதர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வடிவமைப்புப் படிப்பு என்றால் நாள் முழுக்கப் படம் வரைவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் சில வாரங்கள் கணினியைத் தொட்டதாகவே நினைவில்லை. கட்டம் போடுவது, எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விடுவது, அட்டையைக் கத்தியால் நேராக வெட்டுவது. பிறகு, செய்ததைச் சுவரில் குத்திவைத்துவிட்டு வகுப்பு முழுவதும் அதைப் பற்றிப் பேசும். அந்த நேரத்துக்கு ‘கிரிட்டீக்’ என்று பெயர். இரவெல்லாம் விழித்துச் செய்ததைப் பத்து பேர் பத்து விதமாகப் பிய்த்துப் போடுவார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்ட எனக்கு, ஆசிரியரைப் பார்த்து “இதை இப்படிச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது” என்று சொல்ல ஓராண்டு பிடித்தது.

என்னை மாற்றியது ஒரு மருந்து உறை. வயதானவர்களுக்கு ஏற்ற மருந்து உறையை வடிவமைக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அழகாகச் செய்தேன்: இளநீல நிறம், மெல்லிய எழுத்து, காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. பெருமையாகப் பாட்டியிடம் நீட்டினேன். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிறையைக் காட்டி, “இது மூணாம் பிறைக்கு மட்டும் சாப்பிடுறதா?” என்று கேட்டார்.

சிரித்தேன். அப்புறம் பயம் வந்தது. பாட்டி கேட்காமல் விட்டிருந்தால்?

அந்த உறையை ஆறு முறை மாற்றினேன். எழுத்தைத் தடிமனாக்கினேன். இளநீலத்தை எடுத்தேன், ஏனென்றால் கண்புரை விழுந்த கண்ணுக்கு வெள்ளையும் இளநீலமும் ஒன்றாகத் தெரிந்தன. பிறையை எடுத்துவிட்டு, ‘இரவு, சாப்பிட்ட பிறகு’ என்று தமிழில் பெரிதாகப் போட்டேன். அது பார்க்க அழகாக இல்லை. பாட்டி தவறில்லாமல் எடுத்தார். ஆசிரியர் மதிப்பெண் கொடுத்தது ஆறாவது உறைக்கு மட்டுமல்ல, தோற்றுப்போன ஐந்துக்கும் சேர்த்துத்தான்.

வேலைப் பயிற்சிக்குப் போனபோது இன்னொன்றைக் கற்றேன். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தில் நான்கு மொழிகளிலும் ஒரு சுவரொட்டி தயாரானது. ஆங்கிலத்துக்குப் பெட்டி வரைந்து, அதே அளவுப் பெட்டியில் கடைசியாகத் தமிழை ஒட்டினார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பெட்டியில் அடங்கவில்லை. எழுத்தின் அளவைக் குறைத்தார்கள். அதைப் படிக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் மூக்குக்கண்ணாடி போடும் வயதினர்! அதைவிட மோசம், எழுத்துகளே உடைந்து கிடந்தன. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கு உரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ‘கொ’, ‘மை’ எல்லாமே அப்படிச் சிதறும். அந்த அலுவலகத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. பட வழியும் இல்லை, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அச்சுக்குப் போக இரண்டு மணி நேரம் இருந்தது.

தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. பொது இடங்களில் அது பிழையாக இருந்தால் நாம் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி வருத்தப்படுகிறோம். அச்சுக்குப் போகும் முன்பே அதைப் பார்த்துத் திருத்தும் நாற்காலியில் நம் பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருப்பதற்கு நாம் என்ன செய்தோம் என்பதுதான் என் கேள்வி.

இப்போது அப்பாவின் சோற்றுக்கு வருவோம். பெற்றோரிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. தொடக்கச் சம்பளம் கணினித் துறையில் இருப்பவர்களுடையதைப்போல் இருக்காது. தனியாகத் தொழில் செய்தால் பணம் தாமதமாக வரும், சில சமயம் அலைந்துதான் வாங்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு இன்று ஒரு வரி எழுதினால் படம் கொடுக்கிறது. புதிதாக வருபவர்கள் கைப்பழகும் சின்னச் சின்ன வேலைகளில்தான் அது முதலில் கைவைக்கிறது. மென்பொருளை இயக்க மட்டும் தெரிந்தவர்களுக்குக் காலம் கடினம் என்றே நினைக்கிறேன். பாட்டியிடம் உறையை நீட்டி, அவர் முகத்தைப் பார்த்து, திரும்பப் போய் மாற்றத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும் என்பது என் நம்பிக்கை. நம்பிக்கை என்றுதான் சொல்கிறேன், உத்தரவாதம் என்று சொல்லவில்லை. எனக்குக் கிடைத்தது இந்தப் பக்கங்கள். பதினைந்து ஆண்டுகளாகச் சோற்றுக்குக் குறைவில்லை.

வழிகள் அன்றைவிட இன்று அதிகம். நன்யாங் நுண்கலைக் கழகம் 1938லிருந்தும், சகோதரர் ஜோசஃப் மெக்னல்லி தொடங்கிய லசால் கலைக் கல்லூரி 1984லிருந்தும் இயங்குகின்றன. இரண்டும் கைகோத்து உருவான சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024 ஆகஸ்டில் முதல் மாணவர்களை ஏற்றது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் வடிவமைப்புப் படிப்புகள் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கலை, வடிவமைப்பு, ஊடகத்துக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது. தேசிய அரும்பொருளகத்துக்கு வெளியே நிற்கும் பெரிய சிவப்பு மிளகாயைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த குமாரி நாகப்பன், கிள்ளானில் பிறந்தவர், முதலில் உள்ளரங்க வடிவமைப்பாளர். லசாலில் நுண்கலை படித்தது அதற்குப் பிறகுதான். பதினாறு வயதில் எடுக்கும் முடிவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதற்காக அவரை நினைவூட்டுகிறேன்.

உயர்நிலை நான்கில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய மாணவர் சேர்க்கைக்கு, சாதாரண நிலைத் தேர்வுக்கு முன்பே, ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்க வேண்டும். சில நாள்களே அவகாசம். ஆர்வத்தையும் திறனையும் பார்த்து நிபந்தனையுடன் இடம் தருவார்கள். தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை எட்டியே ஆக வேண்டும், அதனால் கணக்கை மூட்டை கட்டிவைத்துவிட வேண்டாம். வடிவமைப்புப் படிப்பு என்றால் ‘போர்ட்ஃபோலியோ’ எனப்படும் படைப்புத் தொகுப்பைக் காட்டச் சொல்வார்கள். நம் பிள்ளைகளின் தொகுப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதி நடிகர்களின் பென்சில் படங்கள். முடி முடியாக வரைந்திருப்பார்கள், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அது ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. நீங்கள் எதைப் பார்த்தீர்கள், எதைக் கேட்டீர்கள், எங்கே தவறினீர்கள் என்பது அதில் தெரியாது. தேக்கா சந்தையில் மீன் வெட்டுபவரின் கையை அரை மணி நேரம் நின்று வரைந்து பாருங்கள். கிறுக்கல்களையும் தூக்கி எறியாமல் கோப்பில் வையுங்கள்.

அந்த மாணவியின் கறுப்புக் கோப்பிலும் முதல் நான்கு பக்கங்கள் நடிகர்கள்தான். ஐந்தாவது, வீட்டுச் சமையலறை அலமாரியின் அளவெடுத்த வரைபடம். அம்மாவுக்கு எட்டாத தட்டை எப்படிக் கீழே இறக்கலாம் என்று பக்கத்தில் மூன்று யோசனைகள். அதை முதல் பக்கமாக வைக்கச் சொன்னேன். அம்மா அப்போதுதான் அதை முதல்முறை பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை. என் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டார்.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அட்டை, மை, அச்செடுப்பது எல்லாம் சேர்த்து மாதம் எத்தனை வெள்ளி ஆகும் என்று கேட்டிருந்தார். கல்லூரிப் பொது உபசரிப்புக்கு என்றைக்குப் போகலாம் என்றும். கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.