மாதிரிக் காசோலை சமூகப் பணி ஆகாது



தீபாவளி நெருங்கினால் நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். மாலை, பொன்னாடை, அரிசிப்பை, புத்தகப்பை, ஆளுயர மாதிரிக் காசோலை, இறுதியில் நிழற்படம். கொடுத்தவரைச் ‘சமூகப் பணியாளர்’ என்று மேடையில் பாராட்டுவர். அவருடைய நல்ல மனத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், அந்தப் பெயரை வன்மையாக மறுக்கிறேன். அது கொடை. சமூகப் பணியோ கற்றுப் பயின்று செய்ய வேண்டிய தொழில்.

ஏன் இந்தச் சினம் என்று கேட்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள், கணிதத்தில் கெட்டிக்காரி. அவளுடைய பிறப்புப் பத்திரத்தில் ‘புக்கான் வார்கானெகாரா’, அதாவது குடிமகள் அல்லள், என்றிருந்தது. தந்தையிடம் நீல அடையாள அட்டை உண்டு. தாயின் பிறப்போ தோட்டத்தில் பதியப்படவே இல்லை. இருவருக்கும் தோட்டத்துக் கோவிலில் திருமணம் நடந்தது. அதைப் பதிவு செய்யவில்லை.

முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்யக் கோரும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்தது. பதிவில்லாவிட்டால், பிள்ளை திருமணத்திற்கு வெளியே பிறந்ததாகக் கொள்ளப்பட்டு, குடியுரிமை தாயின் வழியில் பார்க்கப்படும். தாய்க்கே குடியுரிமை இல்லாதபோது தந்தையின் நீல அட்டையால் என்ன பயன்?

அந்த வீட்டுக்கு அரிசிப்பை மூன்று முறை வந்தது. திருமணப் பதிவு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் தோழியர் மைகார்டு எடுக்கச் சென்றபோது, அவள் மட்டும் வகுப்பில் அமர்ந்திருந்தாள்.

பிறகு, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் வந்தார். செம்பனை வேலை முடிந்த மாலை வேளையில் வந்து வாசலில் அமர்ந்தார். முதல் நாள் எந்தப் பாரத்தையும் எடுக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த வருகையில் தாயின் பழைய தடுப்பூசி அட்டையையும் அவர் பிறந்ததை அறிந்த மூதாட்டியையும் தேடிக் கண்டுபிடித்தார். அரசியலமைப்பின் 15ஏ விதியின்கீழ் பிள்ளைக்கு விண்ணப்பிக்க வழிகாட்டினார். “ஆண்டுகள் ஆகலாம், மறுக்கப்படவும் கூடும்” என்பதையும் மறைக்கவில்லை. அவள் என் பள்ளியை விட்டுச் சென்ற பின்னரும் அவ்வீட்டுக்குப் போய்வந்தார்.

தாய் என்ன சொன்னார் என்று நான் கேட்டபோது, “அதை அவரிடமே கேளுங்கள், ஐயா” என்றார். அன்று எனக்கு மனத்தாங்கல். பின்னர்தான் புரிந்தது: இரகசியம் காப்பதும் அத்தொழிலின் திறன்களுள் ஒன்று. அதனால்தான் அத்தாய் அவரிடம் வாய் திறந்தார். ஆறாண்டுகள் பிள்ளைக்குப் பாடம் சொன்ன என்னிடம் திறக்கவில்லை.

‘நாமும் இதைத்தானே செய்கிறோம்’ என்று ஆசிரியர் நண்பர்கள் கூறலாம். இல்லை. பயிற்சிக் கழகத்தில் நான் கற்றது கற்பித்தல். குறையைக் கவனிப்பதும் உரியவரிடம் தெரிவிப்பதும் நம் கடமை. வகுப்பு நடுவே வீட்டுக் கதையைக் கிளறுவது நம் வேலையன்று.

பெற்றோருக்கும் ஒன்று சொல்வேன். சமூகநல இலாகா என்றாலே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என அஞ்சுகிறீர்கள். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி, ஆபத்திலிருக்கும் பிள்ளையை அதிகாரி பாதுகாப்பில் எடுக்கலாம். ஆனால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். தம் விருப்பப்படி எதுவும் செய்துவிட முடியாது.

இலாகா தொடங்கியது 1946இல்; மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்வி தொடங்கியது 1975இல். ஆயினும், மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர் என்றே நம் பிள்ளைகளுக்குக் கனவு காண்கிறோம். பிறகு, தோட்டத்துத் தாயிடம் தமிழில் பேச ஓர் அதிகாரி இல்லையே என்று புலம்புகிறோம். அந்த அதிகாரியை யார் பெற்று வளர்ப்பது?

அடுத்த முறை பள்ளிக்குக் காசோலை வந்தால் நன்றி கூறி வாங்கிக்கொள்வோம். கூடவே ஒரு கேள்வியும் கேட்போம்: “ஐயா, மறுபடியும் எப்போது வருவீர்கள்?”

சிந்திப்போம்.