நாரி நோவுக்கு விலை பேசும் மெத்தைகள்

சில வருடங்களுக்கு முன்னர் நான் செய்த தவறொன்றை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பொறுப்பாக இருந்த வாரப் பதிப்பின் சுகாதாரப் பக்கத்தில், முதுகு வலிக்குக் கடினமான மெத்தையே கைகண்ட மருந்து என்று ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை எழுதியவர் வைத்தியர் அல்லர். மெத்தை விற்கும் நிறுவனமொன்று அனுப்பிய கட்டுரை அது. அதன் தலையில் "விளம்பரம்" என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. அரைப்பக்க விளம்பரம் பின்னால் வருகிறது என்றார்கள்; எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.

அந்தப் பக்கத்தை நம்பியவர்களுள் ஒருவர், எங்களிடமே ஒப்புநோக்காளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். சேமலாப நிதியில் கிடைத்த பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, "ஓர்த்தோபீடிக்" என்று முத்திரை குத்திய மெத்தையொன்றை வாங்கினார். இரண்டு மாதங்களின் பின்னர் வீதியில் கண்டபோது ஒரு கையை நாரியில் ஊன்றியபடி நின்றார். "தம்பி, எங்கடை பேப்பரைப் பாத்துத்தான் வாங்கினனான். விடிய எழும்பேலாமல் கிடக்கு" என்றார். அவர் என்னைக் குறை கூறவில்லை. "எங்கடை பேப்பர்" என்றாரே, அதுதான் என்னைச் சுட்டது.

கடினமான மெத்தை நல்லது என்ற இந்த வேதவாக்கு எங்கிருந்து வந்தது? "ஓர்த்தோபீடிக்" என்ற சொல் மெத்தையின் மேல் இருப்பதால் அதை ஓர் எலும்பு வைத்திய நிபுணர் பரிசோதித்து அனுமதித்தார் என்று பொருளாகாது. அது விற்பனைக்காகச் சூட்டப்படும் பெயர். ஆயினும் வலியோடு கடைக்குள் நுழைபவருக்கு அது வைத்தியரின் கையெழுத்தாகவே தெரிகிறது. விற்பவர்களுக்கும் இது தெரியும்.

ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2003ஆம் ஆண்டு "லான்செட்" மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. ஒரு சாராருக்குக் கடினமான மெத்தை. மறுசாராருக்கு நடுத்தர உறுதியுள்ள மெத்தை. தமக்கு எது கிடைத்தது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 90 நாட்களின் பின்னர் படுக்கையில் வலி, எழும்பும்போது வலி, அன்றாட வேலைகளில் சிரமம் ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தனர். காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. மிகக் கடினமான படுக்கையில் தோளும் இடுப்பும் பாரத்தைத் தாங்க, இடையிலுள்ள நாரி அந்தரத்தில் நிற்கிறது. குழி விழுந்த மெத்தையிலோ இடுப்பு அமிழ்ந்து, முள்ளந்தண்டு வில்லாக வளைகிறது. இரண்டும் உடம்புக்குப் பகைதான்.

இதைச் சொன்னால் வேறொரு தரப்பினர் சண்டைக்கு வருவார்கள். எங்கள் பாட்டன்மார் பனையோலைப் பாயில் படுத்தார்கள், நாரி நோவு என்றால் என்னவென்றே அறியார்கள் என்பது அவர்கள் வாதம். அப்படியாயின் "நாரிப்பிடிப்பு" என்ற சொல்லை எங்களுக்குத் தந்தவர்கள் யார்? ஊர்ப் பரியாரியார் நோவெண்ணெய் காய்ச்சியது யாருக்காக? பாட்டன்மாருக்கும் நொந்தது, அவர்கள் அதைப் பத்திரிகையில் எழுதவில்லை, அவ்வளவுதான். பாயில் சுகமாக உறங்குபவர் உறங்கட்டும். நோவோடு இருப்பவரை வெறுந்தரையில் கிடத்துவதற்குப் பாரம்பரியத்தைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

மெத்தைதான் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முன்னர் சிறிது விசாரியுங்கள். வேறிடத்தில் படுத்தால் சுகமாகவும் உங்கள் கட்டிலில் படுத்தால் நோவாகவும் இருக்கிறதா? எழுந்து நடமாடியதும் நோவு குறைகிறதா? அப்படியானால் படுக்கையைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கட்டிலின் சட்டங்கள் தளர்ந்திருந்தால் மெத்தையின் கீழ் ஒரு பலகையை இடுங்கள். மெத்தை கடினமாயின் மேலே தடித்த பஞ்சு விரிப்பொன்றைப் போடுங்கள். பக்கவாட்டில் படுப்பவர் முழங்கால்களுக்கு இடையிலும், மல்லாந்து படுப்பவர் முழங்கால்களின் கீழும் ஒரு தலையணையை வைத்துப் பாருங்கள். இவற்றுக்குச் செலவு சொற்பம்.

எவ்வளவு நல்ல மெத்தையானாலும் பகல் முழுவதும் அதில் கிடப்பது மருந்தாகாது. பின்லாந்தின் ஹெல்சின்கி நகர ஊழியர்களிடம் நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வில், திடீர் நாரி நோவு வந்தவர்களுள் படுத்திருந்தவர்களை விட, இயன்றவரை வழமையான வேலைகளைச் செய்தவர்களே விரைவாகத் தேறினர்.

மெத்தையின் மீது பழி போடக்கூடாத நோவுகளும் உண்டு. கால் வலுவிழத்தல், தொடைகளின் உட்புறம் மரத்துப்போதல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை என்பன தோன்றினால் அன்றைய தினமே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காய்ச்சலோ காரணமற்ற உடல் மெலிவோ சேர்ந்திருந்தாலும் தாமதிக்க வேண்டாம். இளவயதினர் ஒருவருக்குக் காலைவேளை முதுகு இறுகி, அது அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்து, அசையும்போது மட்டும் இளகுமாயின் அது மூட்டழற்சி நோயாகவும் இருக்கலாம். இத்தகையோர் வருடக்கணக்கில் மெத்தை மாற்றிக்கொண்டிருப்பதற்கு எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களும் பொறுப்பாளிகள்.

பத்திரிகைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். விற்பவர் தரும் கட்டுரையை விளம்பரம் என்று சொல்லியே பிரசுரியுங்கள். அதனால் வருமானம் குறையும் என்பதை அறிவேன். அந்தக் கணக்கைப் பார்த்தவன்தான் நானும். கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒரு மாதம் படுத்துப் பார்த்து, ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம் என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் மெத்தை மருந்துதான் என்றால் அதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

பெரியவர் வீட்டுக்குத் தடித்த பஞ்சு விரிப்பொன்றோடு போனேன். இப்போது ஓரளவு உறங்குகிறார். நோவு முற்றாக நீங்கிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். பல வருடங்கள் எங்கள் பிழைகளைத் திருத்தியவர் அவர். பத்திரிகை வெளியிடாத இந்தத் திருத்தத்தை நானாவது இங்கு வெளியிடுகிறேன்.