‘10 சதவீதம் தரும் பங்கு எது?’

கேள்வி: சாலை விரிவாக்கத்துக்கு எங்கள் நிலத்தில் 30 சென்ட் போய்விட்டது. இழப்பீடாக ரூ.6 லட்சம் வந்திருக்கிறது. எனக்கு வயது 52. மீதி நிலத்தில் தென்னையும் மஞ்சளும் இருக்கின்றன. இரண்டு ஆண்டில் மகளுக்குத் திருமணம் செய்ய வேண்டும். வெளியில் ரூ.1.5 லட்சம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். இழப்பீட்டுப் பணத்தை டிவிடெண்ட் தரும் பங்குகளில் போட்டால் ஆண்டுக்கு 10 சதவீதம் வரும், அதுவும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும் என்கிறார் மைத்துனர். எந்தப் பங்கை வாங்கலாம்?
- கோபிசெட்டிபாளையம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஐயா, நான் வேளாண்மை படித்தவன். பங்கு ஆலோசனை சொல்ல செபியில் பதிவு பெற்றவன் அல்ல. அதனால் ‘இந்தப் பங்கை வாங்குங்கள்’ என்று எழுத மாட்டேன். ஆனால் பதினைந்து ஆண்டுகளாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கி வருகிறேன், கையும் சுட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

டிவிடெண்ட் நமக்குப் புதிதல்ல. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரானபோது பங்குத்தொகை கட்டினீர்களே, சங்கம் லாபத்தில் நடந்தால் அதற்கு ஈவுத்தொகை உண்டு. கம்பெனிப் பங்கும் அப்படித்தான். லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் கிடையாது.

நம் எல்லோருக்கும் தெரிந்த பாரத ஸ்டேட் வங்கியையே எடுத்துக்கொள்வோம். 2020-21ஆம் ஆண்டுக்கு ஒரு பங்குக்கு ரூ.4 கொடுத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது ரூ.7.10, ரூ.11.30, ரூ.13.70 என்று ஏறி, 2024-25க்கு ரூ.15.90 ஆனது. மைத்துனர் சொல்லும் ‘கூடிக்கொண்டே போகும் வருமானம்’ இதுதான். ஆனால் அதற்கு முந்தைய கதையையும் பார்க்க வேண்டும். 2017-18, 2018-19, 2019-20 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் ஒரு பைசா டிவிடெண்ட் இல்லை. வாராக் கடன் ஒரு பக்கம் அழுத்தியது. கொரோனா வந்த 2020இல், அந்த நிதியாண்டு லாபத்திலிருந்து எந்த வங்கியும் டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே தடுத்துவிட்டது. வீட்டுச் செலவுக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்த குடும்பம் மூன்று வருடம் என்ன செய்திருக்கும்?

அடுத்து அந்த 10 சதவீதம். டிவிடெண்ட் அறிவிப்பில் வரும் சதவீதம் பங்கின் முகமதிப்பின் மேல் போடும் கணக்கு. முகமதிப்பு 1 ரூபாய் உள்ள பங்குக்கு ‘1,000 சதவீதம் டிவிடெண்ட்’ என்றால் பங்குக்கு 10 ரூபாய், அவ்வளவுதான். அந்தப் பங்கைச் சந்தையில் 2,000 ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு அது அரை சதவீதம். நீங்கள் கொடுக்கும் விலைக்கு எத்தனை சதவீதம் வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், டிவிடெண்டை ஆண்டுதோறும் கூட்டித் தரும் நல்ல கம்பெனிகளில் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்தான் நிற்கும்.

விலைக்கே 10 சதவீதம், அதற்கு மேல் என்று காட்டும் பங்குகளும் உண்டு. அங்கேதான் நான் சுட்டுக்கொண்டேன். பெயர் வேண்டாம், போன வருட டிவிடெண்டைப் பார்த்து ஒரு கம்பெனிப் பங்கை வாங்கினேன். விலை சரிந்துகொண்டிருந்ததால்தான் சதவீதம் பெரிதாகத் தெரிந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மறு வருடம் டிவிடெண்டும் நின்றது, போட்ட பணமும் பாதியானது. ஒரே ஆண்டில் அள்ளிக் கொடுத்துவிட்டு அடங்கிவிடும் கம்பெனியும் உண்டு. வேதாந்தா நிறுவனம் 2022-23இல் பங்குக்கு ரூ.101.50 கொடுத்தது, அடுத்த ஆண்டு ரூ.29.50. ஒரு மகசூலை வைத்து ரகத்தை எடை போடாதீர்கள் என்று வயலில் உங்களிடம் சொல்கிற நான், பங்கில் அதே தப்பைச் செய்தேன்.

சரி, 2.5 சதவீதம் தரும் நல்ல பங்கில் ரூ.1 லட்சம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு வருவது ரூ.2,500. டிவிடெண்ட் ஆண்டுக்கு 10 சதவீதம் கூடினால்கூட, அது ரூ.6,500 அருகில் வரப் பத்து ஆண்டு ஆகும். அதே லட்சத்தை 6.5 சதவீதத்தில் வங்கி வைப்பில் போட்டால் முதல் ஆண்டே ரூ.6,500 கைக்கு வரும். வைப்பில் வட்டி அப்படியே நிற்கும், விலைவாசி ஏறும். பங்கில் டிவிடெண்ட் பத்து ஆண்டுக்குப் பிறகும் ஏற வழியிருக்கிறது, பங்கின் விலையும் கூடியிருக்கலாம், குறைந்தும் இருக்கலாம். தென்னங்கன்று வைக்கிறவர் முதல் வருடத் தேங்காயைக் கணக்கில் சேர்ப்பதில்லை அல்லவா, அந்தப் பொறுமை உள்ள பணம் மட்டும்தான் இதற்கு ஆகும்.

உங்கள் ஆறு லட்சத்துக்கு வருகிறேன். முதல் வேலையாக இரண்டு ரூபாய் வட்டிக் கடனை அடையுங்கள். அது ஆண்டுக்கு 24 சதவீதம். ரூ.1.5 லட்சத்துக்கு வருடம் ரூ.36,000 வட்டி கட்டுகிறீர்கள். அதை ஈடுகட்டும் டிவிடெண்ட் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. பயிருக்குப் பணம் தேவைப்பட்டால் கூட்டுறவுப் பயிர்க்கடன் இருக்கிறது, தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. திருமணத்துக்கு ரூ.2.5 லட்சத்தை வங்கியிலோ அஞ்சலகத்திலோ இரண்டு ஆண்டு வைப்பில் போடுங்கள். மோட்டார் எரிந்தால், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் எடுக்க ரூ.50,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதம் ரூ.1.5 லட்சம்.

அதிலும் முழுவதையும் ஒரே நாளில் போட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று நாலு தவணையாகப் பிரித்து, வெவ்வேறு தொழிலில் உள்ள ஐந்தாறு கம்பெனிகளில் வாங்குங்கள். வாங்கும் முன் கடந்த பத்து ஆண்டு டிவிடெண்டை வரிசையாக எழுதிப் பாருங்கள். லாபம் கூடக்கூட டிவிடெண்ட் கூடியதா, லாபத்தில் பாதிக்கு மேல் கம்பெனியிலேயே நிற்கிறதா, கடன் ஏறுகிறதா என்ற மூன்றையும் கவனியுங்கள். லாபம் குறைந்த வருடத்திலும் கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுக்கிற கம்பெனி வேண்டாம். ‘நாளைக்கு டிவிடெண்ட், இன்றைக்கே வாங்கு’ என்று போனில் வரும் தகவலுக்கும் காது கொடுக்காதீர்கள். டிவிடெண்டுக்கான கெடு நாள் தாண்டியதும் பொதுவாக அந்த அளவுக்கு விலை இறங்கிவிடும்.

வாங்கிய பிறகு வருடம் ஒருமுறை, மே, ஜூனில் ஆண்டுக் கணக்கு வந்ததும் பார்த்தால் போதும். வரும் டிவிடெண்டைச் செலவழிக்காமல் உங்களுக்கு 60 வயதாகும்வரை மறுபடி பங்காகவே வாங்கி வையுங்கள். தினமும் விலை பார்த்தால் தூக்கம்தான் கெடும்.

வரியையும் சொல்லிவிடுகிறேன். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. டிவிடெண்ட் விவசாய வருமானம் ஆகாது, உரக் கம்பெனிப் பங்கிலிருந்து வந்தாலும் சரி. ஒரே கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு ரூ.10,000க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம்.

கேள்வி: இறந்துபோன அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரங்கள் இருக்கின்றன. டிவிடெண்ட் வந்து பல வருடம் ஆகிறது. இனி செல்லுமா?
- மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்: கம்பெனி இன்னும் இருந்தால் செல்லும் அம்மா, கிழித்துவிடாதீர்கள். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் கிடந்தால் அந்தப் பணமும் பங்கும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து வாரிசுகள் திரும்பக் கேட்கலாம், அதற்கு அந்த நிதி கட்டணம் வாங்குவதில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உங்கள் பான் அட்டை, டீமேட் கணக்கு தேவைப்படும். முதலில் பத்திரத்தில் உள்ள ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பாதிப் பணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று வருகிறவரிடம் அசல் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

கோபி வாசகரே, உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. டீமேட் கணக்கு திறக்கும் நாளிலேயே மனைவியை நாமினியாகப் போடுங்கள். என்னென்ன பங்கு, எந்த வங்கிக் கணக்கு என்பதை ஒரு தாளில் எழுதி, பட்டாவோடு சேர்த்து வையுங்கள்.