பழைய விமானம் பறக்கலாமா?



இராயபுரம் ரயில் நிலையத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் அங்கிருந்துதான் புறப்பட்டது. அந்தக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இராது. 1855இல் செய்யப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றைப் பெரம்பூர்ப் பணிமனையில் செப்பனிட்டு 2010இல் மீண்டும் ஓட்டினார்கள். அதையும் பாராட்டினோம். கோளாறு என்றால் ரயிலை நிறுத்தி இறங்கிவிடலாம். பழைய விமானத்தைப் புதுப்பித்து, அதில் ஆட்களை ஏற்றிப் பறப்பது சரிதானா? வானத்தில் நிறுத்தி இறங்க இடம் ஏது?

டகோட்டா விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 1947 அக்டோபர் 27இல் நம் வீரர்களை ஸ்ரீநகருக்குக் கொண்டு சேர்த்தவை டகோட்டாக்களே. 1944இல் செய்யப்பட்ட அத்தகைய விமானம் ஒன்று அயர்லாந்தில் பாழாகிக் கிடந்தது. அதை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிடச் செய்து, விமானப்படைக்கு அளித்தார். அவருடைய தந்தை டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. ‘பரசுராமா’ என்று பெயர் பெற்ற அந்த விமானம் 2018 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து பறந்தே இந்தியா வந்து சேர்ந்தது.

எழுபது வயதைக் கடந்த உலோகம் எப்படித் தாங்கியது? ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள். சிறிது நேரத்தில் முறிந்துவிடும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர். இன்றைய பயணி விமானங்கள் மிக உயரத்தில் பறப்பதால் உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். ஒவ்வொரு பயணத்திலும் உடற்பகுதி சற்றே விரிந்து சுருங்குகிறது. தாழ்வாகப் பறக்கும் டகோட்டாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இறக்கைக்கும் சக்கரத் தண்டுக்கும் சோர்வு உண்டு. ஆகவே, வயது மட்டும் தடையாகாது. சோதிக்காத வயதே ஆபத்து.

நெதர்லாந்தில் டகோட்டா ஆர்வலர் சங்கம் ஒன்று 1982இல் தோன்றியது. அதன் விமானம் ஒன்று 1996 செப்டம்பர் 25இல் கடலில் விழுந்தது. அதிலிருந்த 32 பேரும் இறந்தனர். ஓர் எஞ்சின் செயலிழந்தது. அதன் சுழல்விசிறியின் அலகுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி முழுமையாகத் திருப்ப முடியவில்லை. மேசை மின்விசிறியின் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிடியுங்கள். விளிம்பைக் காட்டினால் காற்று வழுகிச் செல்லும்; அட்டையைக் காட்டினால் கையைப் பின்னுக்குத் தள்ளும். நின்றுபோன எஞ்சின் இப்படித்தான் விமானத்தை ஒரு பக்கமாக இழுக்கிறது.

இதைக் காட்டிச் சிலர், “பழைய விமானங்களைக் காட்சிசாலையில் வைத்தால் போதும்” என்பர். நான் அப்படி நினைக்கவில்லை. நின்ற எந்திரம் தன் உருவத்தை மட்டுமே காட்டும். அதைப் பிரித்துப் பூட்டும் கைத்திறன், எந்திரம் ஓடினால்தான் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். எனவே பறக்கட்டும். ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். செப்பனிட்டவரே சோதகராகவும் இருக்கக் கூடாது. வெளியார் ஒருவர் சோதிக்க வேண்டும். எஞ்சின் ஒன்று நின்றால் என்ன செய்வது என்பதை விமானி இடைவிடாது பழக வேண்டும். ஏறுகிறவரிடம், இது இன்றைய பயணி விமானத்துக்கு நிகரான பாதுகாப்புடையது அன்று என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் வளரும் உங்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று. உங்கள் வீட்டிலேயே ஒருவர் துறைமுகப் பாரந்தூக்கியின் கீழோ, ஆலையின் கொதிகலன் அருகிலோ வேலை செய்யலாம். தூக்கியின் கொக்கிக்கும் கம்பிவடத்துக்கும் அதே உலோகச் சோர்வுதான். “இத்தனை வருஷமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகாது” என்று யாராவது சொன்னால், “கடைசியாக எப்போது சோதித்தார்கள்?” என்று கேளுங்கள். எந்திரத்தை உண்மையாக நேசிப்பவர் அதன் சோதனை ஏட்டைத் திறந்து காட்டத் தயங்கமாட்டார்.