பெரியவருக்குக் காது நல்லாவே கேட்குது

‘கே.டி. என்கிற கருப்புதுரை’ வந்தது 2019-ல. இன்னும் அதை ஓடிடியில பார்த்துட்டு ‘செம ஃபீல் குட்’னு ஸ்டேட்டஸ் போடுறாங்க. ஃபீல் குட்டாம்! பெத்த பிள்ளைங்களே எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டி, இளநீரைக் குடுத்து, அப்பனை அனுப்பிவைக்கப் பார்க்குற கதைங்க அது. தலைக்கூத்தல். விருதுநகர்ப் பக்கம் கேட்டுப் பாருங்க, கொலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ‘கெடையில கெடந்து சீரழியக் கூடாதுல்ல’ம்பாங்க.

இயக்குநர் மதுமிதா சிரிக்கச் சிரிக்கத்தான் எடுத்திருக்கார், அதைக் குறை சொல்லலை. கோமாவுல கிடந்த கருப்புதுரை (மு.ராமசாமி நடிச்சிருக்கார்) கண் முழிக்கிறார். தன்னை எப்படி முடிக்கிறதுன்னு குடும்பம் பேசிக்கிறது காதுல விழுது. எழுந்து ஓடிர்றார். கோயில்ல வளர்ற குட்டிங்கிற பொடியன்தான், அவருக்கு என்னென்ன ஆசைன்னு கேட்டு லிஸ்ட் போடுறான். பெத்ததுங்க ஒண்ணுக்கும் கேட்கத் தோணலையே!

சரி, நம்ம வீட்டுல மட்டும் கேட்கிறோமா?

எங்க பெரியப்பாவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனோம். நாற்காலியில உட்கார்ந்திருக்கிறது அவர். டாக்டர் பேசுறது அண்ணன்கிட்ட. “சாப்பிடுறாரா? தூங்குறாரா? மோஷன் போறாரா?” பெரியப்பா வாயைத் திறந்தார். “நீங்க சும்மா இருங்கப்பா”ன்னான் அண்ணன். காலமெல்லாம் கிளாஸ்ல கணக்கு சொல்லிக்குடுத்த மனுஷனுக்கு, தன் வயித்தைப் பத்திச் சொல்லக்கூட பெர்மிஷன் இல்லை. வெளிய வந்ததும் அவரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே அண்ணன் போன்ல பேசுறான்: “ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்கடா. இந்த வயசுல எதுக்கு?” பெரியப்பா எதிர்ல இருந்த காலண்டரையே பார்த்துட்டிருந்தார்.

அவர் கண்ணாடிக்குக் கால் ஒடிஞ்சு மாசக்கணக்காச்சு. நூல் கட்டி மாட்டிக்கிறார். ‘எங்க போய்ப் படிக்கப் போறார்?’னு பதில் வருது. பிரியாணி கேட்டா சுகர். காராசேவு கேட்டா பி.பி. பேரனுக்கு கார்ட்டூன் வேணும்னா, அவர் பார்த்துட்டிருந்த நியூஸ் கேள்வியே இல்லாம மாறிடும். யாரும் கொடுமைக்காரங்க இல்லைங்க. மாத்திரையெல்லாம் டைமுக்குக் குடுத்துடுவாங்க!

பெத்தவங்களைப் பராமரிக்கணும்னு 2007-லயே சட்டம் போட்டாச்சு. ட்ரிப்யூனல்ல மனு போட்டா மாசாமாசம் பணம் வாங்கலாம். ‘மதியத்துக்கு என்னப்பா வேணும்?’னு கேட்க எந்த ட்ரிப்யூனல் ஆர்டர் போடும்?

இதே தலைக்கூத்தலை வெச்சுப் பிரியா கிருஷ்ணசாமி ‘பாரம்’னு ஒரு படம் எடுத்தாங்க. 2018-க்கான சிறந்த தமிழ்ப் படம்னு தேசிய விருதே வாங்குச்சு. கே.டி.யில வர்ற மாதிரி அதுல தப்பிச்சு ஓடுறதும் இல்லை, பிரியாணியும் இல்லை. கிழவர் செத்துப்போறார். அந்தப் படத்துக்கு ஸ்டேட்டஸ் போட்ட ஒரு சொந்தக்காரனை நான் இன்னும் பார்க்கலை. கிழவர் தப்பிச்சாத்தானே நாமளும் தப்பிக்க முடியும்?

போன வாரம் எங்க ஃபேமிலி குரூப்ல கே.டி. பார்த்துட்டு ஒரு சித்தி, ‘உங்க பக்கெட் லிஸ்ட் என்ன?’ன்னு கேட்டாங்க. லடாக், கோவா, பாராசூட்ல குதிக்கணும்னு வரிசையா வந்து விழுது. பெரியப்பா குரூப்லயே இல்லை. அவர் போனைப் பேரன் கேம் விளையாட எடுத்துக்கிட்டான்.